மூன்றடுக்குத் தோலில் தையல் துளை: முன்பக்கம் நேர், பின்பக்கம் கோணல்

ஆற்றங்கரை வாழை, கல்லிடைக்குறிச்சி

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. இலை அறுக்கவும் தார் வெட்டவும் அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு போகும் அரிவாளுக்கு ஓர் உறை தைத்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக முயன்று வருகிறேன். தோல், பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். கனம் 3 மி.மீ. முன்னும் பின்னும் ஓர் அடுக்கு, அரிவாளின் வாய் நூலை அறுத்துவிடாதபடி ஓரத்தில் நடுவே ஒரு வார், ஆக மூன்றும் சேர்த்து ஒட்டினால் தையல் ஓடும் இடத்தில் 9 மி.மீ. வருகிறது.

4 மி.மீ. இடைவெளியில் நான்கு பல் உள்ள தையல் உளியை வாங்கி, சுத்தியலால் அடித்துத் துளையிட்டேன். முன்பக்கம் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது; திருப்பிப் பார்த்தால் துளைகள் மேலும் கீழுமாக அலைந்து, இரண்டு இடங்களில் விளிம்புக்கே போய்விட்டன. உளி தோலில் சிக்கிக்கொண்டதால் குறடு வைத்து இழுத்தேன். ஒரு பல் வளைந்துவிட்டது. இரண்டாம் முறை, தோலை நனைத்தால் இளகும் என்று நினைத்துத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு அடித்தேன். துளை எளிதாக விழுந்தது. ஆனால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மை தெளித்ததுபோல் கறுப்பு விழுந்துவிட்டது. இன்னும் கனமான சுத்தியல் வாங்க வேண்டுமா, அல்லது முறையே தவறா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய வார்க்காரன், பாளையங்கோட்டை

தம்பி, சுத்தியலைக் கீழே வையுங்கள். 9 மி.மீ. தோலில் பல் உளியை மறுபுறம் வரை ஓட்டுவது அந்த உளிக்கு இட்ட வேலை அல்ல. பல் ஒவ்வொன்றும் நுனியில் மெலிந்து மேலே அகன்று போவதால், நுனி பின்பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் முன்பக்கத் துளை நூலைவிட இரண்டு பங்கு பெரிதாகிவிடும். தவிர, உளி பத்துப் பாகை சாய்ந்தாலே 9 மி.மீ. கனத்தில் பின்பக்கத் துளை ஒன்றரை மி.மீ.க்கு மேல் விலகும். குனிந்து அடிக்கும்போது பத்துப் பாகைச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. மெல்லிய பணப்பைத் தோலில் இதே சாய்வு இருந்தாலும் வெளியே தெரிவதில்லை என்பதால், உளியே போதும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கனத்துக்கு உளி அடையாளம் வைக்க மட்டும்தான். விளிம்பிலிருந்து 4 அல்லது 5 மி.மீ. தள்ளிக் கவராயத்தால் ஒரு கோடு கீறி, அதன்மேல் உளியை வைத்து, ஒரு மி.மீ. ஆழம் பதியும் அளவுக்கு லேசாகத் தட்டுங்கள். அடுத்த முறை உளியை வைக்கும்போது முதல் பல் முந்தைய கடைசிக் குழியிலேயே உட்கார வேண்டும். அப்போதுதான் இடைவெளி மாறாது. அரிவாளின் வளைவு வரும் இடத்தில் நான்கு பல்லை விட்டுவிட்டு இரண்டு பல் உளிக்கு மாறுங்கள். தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் வேண்டாம், அது உளியின் தலையைப் பூப்போல் விரித்துவிடும். தச்சர்கள் வைத்திருக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி போதும். அடியில் புளியமரக் கட்டையின் வெட்டுமுகத்தை வைத்து, அதன்மேல் ஒரு கழிவுத் தோலைப் போட்டுக்கொண்டால் பல்லின் கூர் கெடாது.

துளையைப் போட வேண்டியது குத்தூசி. ஊசியின் வெட்டுமுகம் சாய்சதுரமாக, நான்கு விளிம்பும் கூராக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் புதுக் குத்தூசி பெரும்பாலும் மொட்டையாகவே வரும்; அதை அப்படியே உபயோகித்துவிட்டு, குத்தூசி வேலைக்கு ஆகாது என்று தூக்கிப்போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மென்மையான சாணைக்கல்லில் நான்கு முகத்தையும் சமமாகத் தேய்த்து, பிறகு தோல்வாரில் மெருகுப் பசை தடவி, முகம் கண்ணாடியாகும் வரை இழுங்கள். நுனியை அவ்வப்போது தேன்மெழுகில் ஒரு குத்துக் குத்திக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும்.

உறையை மரக்கிடுக்கியில் நிமிர்த்தி நிறுத்தி, கிடுக்கியை முழங்கால்களுக்கு இடையே பிடித்து உட்காருங்கள். குத்தூசியின் அகன்ற முகம் உளி வைத்த சாய்ந்த குழியோடு ஒட்டிப் படுத்திருக்கிறதா என்று பார்த்து, முழங்கையை விலாவோடு சேர்த்து, தரைக்கு மட்டமாக ஒரே தள்ளலில் தள்ளுங்கள். மறுபுறம் ஒரு தக்கையைப் பிடித்துக்கொண்டால் நுனி விரலில் ஏறாது. கிளம்பும் இடத்தைக் கை பார்த்துக்கொள்ளும். கண் இருக்க வேண்டியது நுனி வெளிவரும் பின்பக்கத்தில். எல்லாத் துளையையும் போட்டு முடித்துவிட்டுத் தைக்கத் தொடங்காதீர்கள். தோல் தானாகத் திரும்பி மூடிக்கொள்ளும். குத்திய உடனே, நூலின் இரு முனையிலும் கோத்த இரண்டு ஊசியையும் அதே துளையில் எதிரெதிராகச் செலுத்தி இழுத்துவிட்டு அடுத்த துளைக்குப் போங்கள். தையல் ஊசிகளின் நுனி மழுங்கலாக இருக்கட்டும். கூரான ஊசி, துளைக்குள் ஏற்கெனவே இருக்கும் நூலையே குத்திக் கிழித்துவிடும்.

கறுப்பைப் பொறுத்தவரை, உங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மணை ஏன் கறுக்கிறதோ, அதே காரணம்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலுக்கு ஊட்டுகிற துவர்ப்பு, ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயில் மை காய்ச்சியதும் இந்த வழியில்தான். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து மெல்லத் துடைத்தால் பெரும்பகுதி மறையும். இனி தோலை முக்காதீர்கள்.

தச்சு மட்டம், தென்காசி

அண்ணாச்சி சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் முதன்முதலாகத் தைக்கும் ஒருவரின் கை குத்தூசிக்குப் பழக ஆறு மாதமாவது ஆகும். நிலையான தாங்கியில் மாட்டிய, சுழன்று துளையிடும் துளைக்கருவி வீட்டில் இருந்தால், 1 மி.மீ. துளையலகை வைத்து உளி வைத்த குழிகளில் இறக்கிவிடலாம். மேசையும் அலகும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று மூலைமட்டம் வைத்து ஒரு முறை பார்த்துக்கொண்டால், பின்பக்கம் தவறுவதற்கு வாய்ப்பே இல்லை. நான் மரவேலைக் கருவிகளுக்கான உறைகள் எல்லாவற்றையும் இப்படித்தான் செய்கிறேன்.

பழைய வார்க்காரன், பாளையங்கோட்டை

செய்யலாம், உறை பயன்படவும் செய்யும். ஆனால் குத்தூசி தோலின் நாரை விலக்கியும் கீறியும் வழி செய்கிறது. அலகு அந்த நாரைத் தூளாக்கி வெளியே எடுத்துவிடுகிறது. போன தோல் போனதுதான், துளை மூடிக்கொண்டு நூலைப் பிடிக்காது. வட்டத் துளையில் நூல் சாய்ந்து படுக்காமல் மட்டமாகக் கிடப்பதால், இரண்டு ஊசியால் தைக்கும் இந்தச் சேணத் தையலின் அழகும் வராது. வேகமாகச் சுழலவிட்டால் துளையின் உட்புறம் கருகும் என்பதையும் தம்பி கவனத்தில் வைக்கட்டும்.

வேட்டைநாய் வீடு, கோவில்பட்டி

நான் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு அகலமான கழுத்துப்பட்டை தைப்பவன். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியாக உளியால் துளையிட்டுவிட்டு, துளைக்குத் துளை பொருத்தித் தைப்பது என் வழக்கம். 3 மி.மீ. தோலில் உளி சுகமாக இறங்கும், சாய்வும் தெரியாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது; நானே அதில் விழுந்து இரண்டு பட்டைகளை வீணாக்கினேன். உளியின் பல் சாய்ந்திருப்பதால், இரண்டு துண்டையும் வழவழப்பான மேற்புறத்திலிருந்தே குத்திவிட்டு, உட்புறங்களை ஒன்றோடொன்று சேர்த்தால், சாய்வுகள் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறிபோல் நிற்கும். பின் துண்டை அதன் சொரசொரப்பான உட்புறத்திலிருந்து குத்த வேண்டும். ஆனால் மடித்துத் தைக்கும் பொருளுக்கு இந்த முறை ஒத்துவராது. வெளியடுக்கு உள்ளடுக்கைவிடச் சற்று நீளமாகச் சுற்றிவர வேண்டியிருப்பதால், பத்துத் துளைக்குள் கணக்கு தவறிவிடும். உங்கள் உறை தட்டையாக இரண்டு துண்டு என்றால் தாராளமாகச் செய்யலாம்.

ஆற்றங்கரை வாழை, கல்லிடைக்குறிச்சி

எல்லோருக்கும் நன்றி. குத்தூசியைத் தீட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கழிவுத் தோலில் மூன்று அடுக்கு ஒட்டி, நாற்பது துளை குத்திப் பார்த்தேன். முதல் இருபதும் பின்பக்கத்தில் ஒரே திசையில் விலகியிருந்தன. கிடுக்கியை என் பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கிடுக்கியை நிமிர்த்திய பிறகு அடுத்த இருபதும் ஏறக்குறையக் கோட்டிலேயே வந்தன.

உறையைத் தைத்தபோது வேறொரு சிக்கல் வந்தது. தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் போதும் என்று எங்கோ படித்ததை நம்பி, 30 செ.மீ. தையலுக்கு 120 செ.மீ. வெட்டினேன், வளைவை எட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. பிறகு கணக்குப் போட்டேன்: ஒவ்வொரு தையலிலும் 4 மி.மீ. நீளத்தோடு 9 மி.மீ. கனத்தையும் நூல் கடக்கிறது, அதுவும் இரண்டு முனையும் கடக்கின்றன. ஆக 26 மி.மீ., அதாவது ஆறரை மடங்கு. கட்டிப் பிடிக்க வேண்டிய நுனிகளையும் சேர்த்தால் இரண்டரை மீட்டராவது வேண்டும். பிரித்து, புதிய நூலில் மீண்டும் தைத்தேன்.

அப்பா நேற்றிலிருந்து அதைக் கட்டிக்கொண்டு போகிறார். வளைவில் மட்டும் பின்பக்கம் மூன்று தையல் விலகி நிற்கிறது. பிரித்து மறுபடி குத்தலாமா?

பழைய வார்க்காரன், பாளையங்கோட்டை

வேண்டாம். பழைய துளைக்கு ஒரு மி.மீ. பக்கத்தில் புதுத் துளை விழுந்தால் நடுவிலிருக்கும் தோல் அறுந்து, மூன்று தையலுக்குப் பதில் ஆறு தையல் தளரும். தைத்த வரியை மேலிருந்து கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்திவிட்டு விடுங்கள். மழைக்காலத்தில் அரிவாளை உறைக்குள்ளேயே இரவு முழுதும் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். ஈரத் தோலுக்குள் இரும்பு துருப்பிடிக்கும்.