ஃபேமிகாம் இசையைக் கிட்டாருக்கு எழுதும்போது: அக்கூஸ்டிக்கா, எலக்ட்ரிக்கா?

எட்டுபிட் (கேள்வி)
மெகா மேன் 2 (1988) மாதிரி வேகமான ஃபேமிகாம் (நின்டெண்டோவின் 8-பிட் வீடியோ கேம் கருவி) இசை ஒன்றைக் கிட்டாருக்கு மாற்றி எழுத வேண்டும். அதன் ஒலிச்சில்லில் ஒவ்வொரு சேனலும் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான் தரும்: மெலடி முதல் பல்ஸ் சேனலில், துணைக்குரல் இரண்டாவதில், பேஸ் ட்ரையாங்கிளில், தாளம் நாய்ஸில். ஒற்றை நைலான் கிட்டாரில் முடிக்கலாமா, இல்லை டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டு எலக்ட்ரிக்கில் பதிவு செய்வதா? நைலானில் நீண்ட சுரங்கள் பாதியிலேயே அடங்கிவிடுகின்றன. எலக்ட்ரிக்கில் முழு கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசித்தால் ஒரே இரைச்சல்.

நைலான்கம்பி
நைலானிலேயே முடியும். பல்ஸ் ஒலி நிறுத்தும்வரை ஒரே அளவில் நிற்கும். கம்பியோ மீட்டிய நொடியிலிருந்தே தேயும். அதனால் ஒரு பீட்டுக்கு மேல் நீளும் சுரத்தைத் தனியாக விடாதீர்கள். அதே கார்டின் சுரங்களை உடைத்து உள்கம்பிகளில் ஓடவிட்டால் மேல்சுரம் அடங்கியது காதுக்குத் தெரியாது.

மூல சுருதியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஈ மைனருக்கோ ஏ மைனருக்கோ மாற்றுங்கள். பேஸ் திறந்த கம்பிகளில் விழும், இடது கை மேலே போக வழி கிடைக்கும்.

ஒலிநிறம்தான் இதில் அழகான விஷயம். 50% பல்ஸில் (அலை ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் மேலே இருப்பது) இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வின் 2, 4, 6 மடங்குகள்) இல்லை. கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினாலும் அவை எழுவதில்லை, அதே குழல்போன்ற ஒலி. 25% பல்ஸுக்கு கால் பங்கில், 12.5%-க்கு எட்டில் ஒரு பங்கில் மீட்ட வேண்டும். 65 செ.மீ. திறந்த கம்பியில் இது பிரிட்ஜிலிருந்து (கம்பிகள் கிட்டார் உடலில் கட்டப்படும் இடம்) சுமார் 16, 8 செ.மீ. 5-ஆவது ஃப்ரெட்டை அழுத்தினால் ஒலிக்கும் கம்பி முக்கால் பங்காகிவிடும். 16 என்பது 12 ஆகும். வலது கையும் சேர்ந்தே நகர வேண்டும்.

பவர்கார்டு
எலக்ட்ரிக்கில் இரைச்சல் வருவதற்குக் காரணம் கார்டின் மூன்றாம் சுரம் (ஸ்கேலில் அடிச்சுரத்திலிருந்து மூன்றாவது). டிஸ்டார்ஷன் இரண்டு சுரங்களின் கூட்டல், கழித்தல் அதிர்வுகளையும் உண்டாக்கும். கிட்டார் ஃப்ரெட்டில் மேஜர் மூன்றாம் சுரம் தூய சுரத்தைவிட 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அதிகம், அதனால் அந்தப் புது அதிர்வுகள் ஒன்றோடொன்று மோதும். ஐந்தாம் சுரத்தின் பிசகு 2 சென்ட்தான். ஆகவே ரிதம் ட்ராக்குகளில் அடிச்சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும். மூன்றாம் சுரத்தைத் தனி ட்ராக்கில் வாசியுங்கள். ஒரே ஆம்பில் சேர்ந்து நுழைந்தால்தான் இந்தச் சேதம், தனித்தனியாகப் பதிந்து கலந்தால் சுத்தமாகச் சேரும்.

ரிதமை இருமுறை வாசித்து இடது, வலது ஓரங்களில் வையுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும். ஒற்றை கிட்டாருக்கு வைக்கும் கெயினைவிடக் (டிஸ்டார்ஷன் அளவு) குறைவாக வையுங்கள்; இரண்டும் சேரும்போது போதுமான தடிமன் வந்துவிடும். 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டாரை வெட்டி, அந்த இடத்தை பேஸுக்கு விடுங்கள். ட்ரையாங்கிள் சேனலுக்கு வால்யூம் கட்டுப்பாடே கிடையாது: ஒலிக்கும் அல்லது நிற்கும். எனவே பேஸ் கிட்டாரைப் பிக்கால் சமமாக அடித்து, சுரம் முடியும் இடத்தில் கையால் அடக்குங்கள்.

எட்டுபிட்
இரண்டாவது பல்ஸில் சில இடங்களில் மெலடியே கொஞ்சம் தாமதமாக வருகிறது. இன்னொரு இடத்தில் சுரங்கள் விடாமல் படபடக்கின்றன. இரண்டையும் எழுதுவதா?

நைலான்கம்பி
தாமதமாக வருவது எதிரொலி. நைலானில் அதை விட்டுவிடுங்கள், விரல்கள் மிச்சம். படபடப்பது கார்டு: இருப்பது குறைந்த சேனல்கள், அதனால் மூன்று சுரங்களையும் ஒரே சேனலில் நொடிக்கு 60 முறை வரை மாற்றி மாற்றி ஒலிக்கவிடுவார்கள். அதை ஆர்பெஜியோவாக எழுதினால் யாராலும் வாசிக்க முடியாது, ஒரு கார்டாக எழுதினால் போதும்.

பவர்கார்டு
எலக்ட்ரிக்கில் எதிரொலிக்கு டிலே பெடல். 150 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 150 பீட்) எட்டில் ஒரு சுரம் (அரை பீட்) 200 மில்லிசெகண்ட், புள்ளியிட்டது (அதன் ஒன்றரை மடங்கு) 300. ஒரே ஒரு மறுஒலிப்பு வையுங்கள், இரண்டு வைத்தால் வேகமான இடங்கள் கலங்கிவிடும்.

மூல கேம் இசையைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தால் கிளிக்கின் (தாளம் காட்டும் மெட்ரோனோம்) வேகத்தைச் சரிபாருங்கள். ஃபேமிகாம் நொடிக்கு 60 அல்ல, 60.1 ஃபிரேம் (திரைக்காட்சி) ஓடும், இசையும் அதே கணக்கில் நகரும். பதினாறில் ஒரு சுரத்துக்கு (கால் பீட்) 6 ஃபிரேம் என்றால் வேகம் 150.25 பிபிஎம். 150 என்று வைத்தால் இரண்டு நிமிட முடிவில் 0.2 நொடி பின்தங்கியிருப்பீர்கள்.