டிரைவருக்கு ‘இயக்கி’ போதுமா? ‘பாகன்’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

கணினியில் ஒலிச் சில்லு, அச்சுப்பொறி போன்ற சாதனங்களை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலை டிவைஸ் டிரைவர் என்கிறார்கள். அதற்கு நாம் வழங்கும் ‘இயக்கி’க்குப் பதிலாக வேறு சொல் தேடலாமா என்று நம் கலைச்சொல் குழுவின் இந்த இழையில் பேசிவருகிறோம். அதில் ஐயா ஒருவர் கேட்டது:

> ‘இயக்கி’ பரவிவிட்ட சொல். அதை ஏன் இப்போது கிளற வேண்டும்?

ஐயா கேட்டது நியாயமான கேள்வி. போன மாதம் வரை நானும் அந்தக் கட்சிதான். என் உதவிக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ‘ஒலி இயக்கி’, ‘அச்சுப்பொறி இயக்கி’ என்றே எழுதிவந்தேன். பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக் கணினி என் எண்ணத்தை மாற்றிவிட்டது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மா ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பழைய வானொலி நாடகங்களும் வில்லுப்பாட்டும் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். கணினி பழசு, இன்டெல் 865 வகைத் தாய்ப்பலகை. எக்ஸ்பி மெதுவாகிவிட்டது என்று பக்கத்துக் கடையில் கொடுத்து விண்டோஸ் 7 போட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் ஓடுகிறது, இணையம் வருகிறது, சத்தம் மட்டும் இல்லை. கீழே ஒலிபெருக்கிப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். உடனே போக முடியவில்லை. அதனால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்குத் தமிழில் எழுதி அனுப்பினேன். முழுக்க நம் குழுவின் கலைச்சொற்கள்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஏய்யா, நீ எழுதுனபடி இயக்கியத் திறந்தேன். தட்டு வெளிய வந்து நிக்கி. அதுல என்னத்தப் புதுப்பிக்க?”

குறுந்தகட்டுத் தட்டு! அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. டிஸ்க் டிரைவை ‘வட்டு இயக்கி’ என்கிறோம், டிவைஸ் டிரைவரை ‘சாதன இயக்கி’ என்கிறோம். தாய்ப்பலகையோடு வந்த தகட்டை நான் ‘இயக்கிக் குறுந்தகடு’ என்று எழுதியிருந்தேன். அதைப் போடவேண்டிய பெட்டிக்குப் பெயர் ‘குறுந்தகட்டு இயக்கி’. இந்த இரண்டையும் எழுத்தில் பார்த்தாலே குழப்பம், காதில் கேட்டால் கேட்கவே வேண்டாம். அடுத்த வரியில் நான் ‘பழுதான இயக்கியை நீக்கவும்’ என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறேன். “இதுக்கு ஆணியக் கழத்தணுமா? பக்கத்து வீட்டுப் பையன திருப்புளியோட வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டார். அவர் மட்டும் அழைக்காமல் இருந்திருந்தால் நல்ல வட்டுப் பெட்டியைக் கழற்றி வெளியே வைத்திருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறவில்லை.

‘இயக்கி’யின் தொல்லை அதோடு நிற்கவில்லை. ‘இயங்குதளம்’ ஒரு பக்கம், பொத்தான்களில் ‘இயக்கு’ ஒரு பக்கம். ‘இயங்குதளம் இயங்குகிறது, இயக்கி இயங்கவில்லை, அதை இயக்கு’ என்று எழுதினால் எந்த ஆசிரியைக்கும் தலை சுற்றும். நெல்லைச் சீமையில் இயக்கி என்பது கும்பிடும் தெய்வத்தின் பெயர். இசக்கியம்மனின் மூலப் பெயர் அதுதான். ‘இயக்கியை அழி’ என்று பொத்தானில் பார்த்தபோது பெரியம்மாவுக்குக் கை வரவில்லை என்றார். இதைச் சின்ன விஷயமாக என்னால் தள்ள முடியவில்லை.

அன்று வேறு வழி தெரியாமல் நான் சொன்னது இதுதான். “பெரியம்மா, யானை கொட்டாரத்துல நிக்கி. பாகன் வரல. யானைக்கு ஒண்ணும் இல்ல. உங்க கணினிக்கு யானைப் பேச்சு தெரியாது, பாகனுக்குத்தான் தெரியும்.”

“அப்ப பாகனக் கூட்டிட்டு வரணும். அதானய்யா?”

அவ்வளவுதான். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி தெருவில் வரும்போதெல்லாம் வாழைப்பழம் கொடுத்தவர் அவர். பாகன் சொன்னால்தான் யானை துதிக்கையைத் தூக்கும் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேசினோம், ஒரு முறைகூடக் குழம்பவில்லை. சாதன மேலாளரைத் திறந்தார். ‘மற்ற சாதனங்கள்’ என்பதன் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு ‘மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்’. பண்புகளில் குறியீடு 28. பாகனே இல்லை என்பதற்கான எண் அது. விவரங்கள் பக்கத்தில் வன்பொருள் அடையாளத்தை எழுத்து எழுத்தாக வாசித்தார்: வென் 8086, டெவ் 24டி5. முதல் எண் இன்டெல் நிறுவனத்துடையது. 1978இல் வந்த தங்கள் செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது எண், அந்தப் பலகையின் ஏசி’97 ஒலிக் கட்டுப்படுத்தி. கடைக்காரர் போட்ட விண்டோஸ் 7 தொகுப்பில் இந்தப் பழைய யானைக்குப் பாகன் இல்லை. பெட்டியோடு வந்த தகட்டில் இருந்ததோ எக்ஸ்பி காலத்துப் பாகன். விஸ்டாவுக்காக ரியல்டெக் வெளியிட்ட ஏசி’97 தொகுப்பு விண்டோஸ் 7இலும் ஒத்துப்போகும். அதை இறக்கி, நிறுவி, மறுதொடக்கம் செய்தோம்.

சிவப்புக் குறி போய்விட்டது, சத்தம் வரவில்லை. “பாகன் வந்துட்டான், யானை பிளிறக் காணோமே” என்றார். பின்பக்கம் ஒலிபெருக்கிக் கம்பி எந்த நிறத் துளையில் இருக்கிறது என்று கேட்டேன். இளஞ்சிவப்பு, அதாவது ஒலிவாங்கித் துளை. கடையிலிருந்து வந்தபோது மாற்றிச் சொருகியிருக்கிறார்கள். பச்சைக்கு மாற்றியதும் தொலைபேசி வழியாகவே வில்லின் மணியோசை எனக்குக் கேட்டது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

நம் இழையில் இதுவரை வந்தவை: ஓட்டி, செலுத்தி, வலவன், யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன சாரதி, பிறகு இணக்கி. இணக்கி எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அது ஏற்கெனவே மோடத்துக்கு வழங்குகிறது, அதைப் பறிக்க வேண்டாம். வலவன் சங்கப் பாட்டில் தேரோட்டிக்கு வரும் அருமையான சொல், கேட்கவே இனிமை. ஆனால் இன்றைக்கு வீட்டில் யாருக்கும் அது படமாக எழாது. சாரதி இலங்கையில் அன்றாடச் சொல், ஓட்டி இங்கே எல்லோருக்கும் புரியும். இவை இரண்டின் மீதும் எனக்கு இருப்பது பொருள் பற்றிய மறுப்பு.

கார் ஓட்டத் தெரிந்தவர் எந்தக் காரையும் ஓட்டிவிடுவார். டிவைஸ் டிரைவர் அப்படியா? 24டி5க்கு எழுதியதை வேறொரு சில்லின் மேல் ஏற்றினால் அது அசையாது. ஆங்கிலச் சொல்லே இங்கே பாதி வழிதான் துணைக்கு வருகிறது. ஓட்டுவது என்ற செயலை மட்டும் அது சொல்கிறது, இன்னாருக்கு இன்னார் என்ற கட்டை அது சொல்லவில்லை. பாகன் அப்படியல்ல. யானையோடு பழகியவன், அதன் சைகை அறிந்தவன். புது ஆள் வந்து நின்றால் யானை முரண்டு பிடிக்கும். உரிமையாளர் பாகனிடம் சொல்கிறார், பாகன் யானையிடம் சொல்கிறான். நிரல் இயங்குதளத்திடம் கேட்க, இயங்குதளம் டிரைவரிடம் சொல்ல, அது சில்லுக்குப் புரியும்படி சொல்வதும் இதே ஏற்பாடுதான்.

அந்த வேலை என்ன என்று பார்த்தால் சொல்லின் பொருத்தம் இன்னும் தெளியும். குறுந்தகட்டுத் தரப் பாட்டு என்றால் ஒரு நொடிக்கு ஒரு தடத்தில் 44,100 மாதிரிகள். இரண்டு தடம், மாதிரிக்கு இரண்டு பைட் என்று பெருக்கினால் நொடிக்கு 1,76,400 பைட். டிரைவர் இதை நினைவகத்தில் சிறு சிறு கவளமாக உருட்டி வைக்கிறது. சில்லு தானே எடுத்துக்கொள்கிறது. கவளம் தீரும்போது குறுக்கீடு அனுப்பி ‘அடுத்தது’ என்கிறது. ஊட்டுவது ஒரு கணம் தாமதித்தால் பாட்டு விக்குகிறது. தவறான எண்ணில் சைகை கொடுத்தால் சில்லு பேசாமல் நிற்கிறது.

விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் விளையாடியவர்களுக்கு நினைவிருக்கும், அப்போது இந்தப் பாகன் ஏற்பாடு பொதுவாக இல்லை. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வந்த பிறகும் ஒவ்வொரு விளையாட்டும் தன் பாகனைத் தானே கூட்டி வரவேண்டியிருந்தது. துறை 220, குறுக்கீடு 5, டிஎம்ஏ 1 என்று அட்டையை எப்படி அணுகுவது என்பதற்கான எண்களை ஒவ்வொன்றின் அமைப்பிலும் நாமே சொல்லிக் கொடுப்போம். ஒரு விளையாட்டில் சத்தம் வரும், இன்னொன்றில் வராது.

> ‘அன்’ விகுதி ஆண்பாலைக் காட்டும். பொருளுக்கு எப்படிப் பொருந்தும்?

அக்கா எழுப்பிய இந்த ஐயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சூரியன் உதித்தது என்று எழுதுகிறோம், யாருக்கும் இடறுவதில்லை. சொல் உயர்திணை வடிவில் இருக்கிறது, முடிபு அஃறிணையில் வருகிறது. அதே வழியில் ‘பாகன் நிறுவப்பட்டது’, ‘பாகன் காணப்படவில்லை’ என்று எழுதலாம். பலகைக்குத் தாய் என்று பெயர் வைத்து ‘தாய்ப்பலகை’ என்று தினமும் சொல்கிறோம். பன்மையில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. பாகர்கள் என்றால் ஆட்கள் ஆகிவிடும். ‘பாகன்கள்’ என்று வைத்தால் இரண்டும் பிரிந்து நிற்கும் என்று நினைக்கிறேன். அக்காவும் இலக்கணம் அறிந்த மற்றவர்களும் இதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, சொல்லோடு வினைகளும் தாமாக வந்து சேர்வதுதான். டிரைவரை நிறுவுவதற்கு ‘பாகனை அமர்த்து’. புதுப்பித்தது சரிவராமல் முந்தையதற்குத் திரும்ப வேண்டுமா, ‘பழைய பாகனை அழை’. யானைப்பாகன், தேர்ப்பாகன் போலவே ஒலிப்பாகன், அச்சுப்பாகன் என்று புணர்ச்சியும் இயல்பாக அமைகிறது. மூன்றே எழுத்து, பொத்தானில் அடங்கும்.

ஐயாவின் கவலைக்கு என் பதில்: ‘இயக்கி’யை யாரும் தூக்கி எறிய வேண்டாம். வட்டு இயக்கி, நினைவக இயக்கி என்று டிரைவுக்கு அது இருக்கட்டும். பழைய பக்கங்களில் ‘சாதனப்பாகன்’ என்று எழுதி முதல் இடத்தில் மட்டும் ‘இதுவரை சாதன இயக்கி என்று எழுதிவந்தோம்’ என ஒரு வரி சேர்த்தால் போதும்.

நேற்று பெரியம்மாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: ‘அச்சுப்பொறி புதுசு வாங்கினேன். தாள் போகிறது, எழுத்து வரவில்லை. பாகன் மாறி வந்திருக்கிறானா பார்.’ நான் அச்சுப்பொறி பற்றி அவரிடம் பேசியதே இல்லை. அன்று ஒலிக்குச் சொன்ன சொல்லை அவரே எடுத்து இதற்கு வைத்திருக்கிறார். பார்த்தேன், அவர் சந்தேகப்பட்டது சரி. வேறொரு மாதிரிக்கு உரிய பாகன் அமர்ந்திருந்தது.

இன்னொரு கேள்வியையும் குழுவின் முன் வைக்கிறேன். டிரைவருக்கு மேலேயோ கீழேயோ உட்கார்ந்து, போகும் செய்தியைச் சற்றே மாற்றித் தரும் ஃபில்டர் டிரைவர் என்று ஒன்று உண்டு. எதிரொலி குறைப்பது, ஒலியைக் கூட்டுவது போன்றவற்றுக்கு வரும். தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களில் பாகனுக்கு உதவியாக இருப்பவரைக் காவடி என்பார்கள். இதற்கு அந்தச் சொல்லை எடுக்கலாமா, அல்லது முருகன் காவடிதான் முதலில் நினைவுக்கு வருமா? நீலகிரிப் பக்கமோ ஆனைமலைப் பக்கமோ இருக்கும் நண்பர்கள் அங்கே பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். ஒலிப் பழுது பற்றிய உதவிப் பக்கத்தை ‘பாகன்’ வைத்துத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் படி தயாரானதும் இதே இழையில் போடுகிறேன்.

அன்புடன்