பதவி இருக்கிறது, பேச்சு எடுபடவில்லை: பதவி முடியப்போகிறவர்களோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

நேர்முக உதவியாளராக இருந்தவர்:

தேர்தலில் தோற்ற நகர்மன்றத் தலைவர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். முடிவு வந்த பிறகும் புதியவர் பொறுப்பேற்கச் சில வாரம் இருந்தது. சட்டப்படி தலைவரின் அதிகாரம் துளியும் குறையவில்லை. அதே அறை, அதே முத்திரை. ஆனால் கோப்புகள் நகரவே இல்லை.

ஒருவர்கூட அவரை எதிர்த்துப் பேசவில்லை. மரியாதையும் குறையவில்லை, வணக்கம் எல்லாம் முன்பு போலவேதான். பழைய குடிநீர்க் குழாயை மாற்றும் வேலைக்கான கோப்பை ‘உடனே’ என்று எழுதி அனுப்பினார். முன்பெல்லாம் அப்படி எழுதினால் மாலைக்குள் ஒப்புதலோடு திரும்பிவிடும். இப்போது ‘மதிப்பீட்டை மறுபடி சரிபார்க்கவும்’ என்ற குறிப்போடு வந்தது. சரிபார்த்து அனுப்பினோம். அப்புறம் ‘நிதிப் பிரிவின் கருத்தைப் பெறவும்’ என்று வந்தது. அதையும் வாங்கிச் சேர்த்தோம். கடைசியில் ‘பேசவும்’ என்று ஒற்றைச் சொல். பேசலாம் என்று போனால் அதிகாரி ஆய்வுக்குக் கிளம்பிப் போயிருப்பார்.

அந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் விதிப்படி சரிதான். புதியவர் வந்து, ‘இதை ஏன் இவ்வளவு அவசரமாக முடித்தீர்கள்?’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அப்போது எங்கள் தலைவர் துணைக்கு நிற்கப்போவதில்லை. இனி இவரால் நமக்கு நல்லதும் நடக்காது, தொல்லையும் வராது என்று சுற்றியிருப்பவர்கள் கணக்குப் போட்ட அந்த நேரத்தில்தான் அவர் ‘லேம் டக்’, அதாவது பதவி இருந்தும் பேச்சு எடுபடாதவர், ஆனார் என்று நினைக்கிறேன். கையெழுத்து கடைசி நாள்வரை செல்லுபடியாகத்தான் இருந்தது.

குழாய் வேலை அடுத்த ஆட்சியில்தான் நடந்தது. அதுவரை அந்தத் தெருக்காரர்கள் கலங்கல் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

வரலாற்று ஆசிரியை:

நீங்கள் எழுதியதைப் படித்ததும் வகுப்பில் ஒரு மாணவி கேட்டது ஞாபகம் வந்தது. அமெரிக்காவின் மார்பரி வழக்கை நடத்திக்கொண்டிருந்தேன். 1800 தேர்தலில் ஜெஃபர்சனிடம் தோற்ற அதிபர் ஜான் ஆடம்ஸ், 1801 மார்ச்சில் பதவி முடியும் கடைசி நாட்களில் வரிசையாக நீதித்துறை நியமனங்கள் செய்தார். அதில் மார்பரி என்பவரின் ஆணையும் ஒன்று. ஆடம்ஸ் கையெழுத்திட்டார், வெளியுறவு அமைச்சராக இருந்த மார்ஷல் முத்திரையும் வைத்தார். ஆனால் அந்தக் காகிதம் உரியவர் கையில் போய்ச் சேருவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. புதிய அரசு அதைக் கொடுக்க மறுத்தது.

“கையெழுத்தும் முத்திரையும் இருக்கே மேடம், அப்புறம் எப்படி வேலை கிடைக்காமல் போகும்?” என்று கேட்டாள். அருமையான கேள்வி. 1803இல் உச்ச நீதிமன்றம், மார்பரிக்கு அந்த ஆணையைப் பெறும் உரிமை உண்டு என்றது. ஆனால் அதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடத் தனக்கு அதிகாரம் தந்த சட்டப்பிரிவே அரசியலமைப்புக்கு முரணானது என்றும் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதியவர், முன்பு முத்திரை வைத்த அதே மார்ஷல். முத்திரை வைத்தபோதே அவர் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். மார்பரிக்குப் பதவி கிடைக்கவே இல்லை.

இன்னொரு மாணவன், தோற்றவர் மறுநாளே போய்விட்டால் என்ன என்றான். பிரிட்டனில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, மறுநாளே புதிய பிரதமர் வந்துவிடுவார். அமெரிக்காவில் அப்போது நவம்பரில் தேர்தல், மார்ச் 4 அன்றுதான் பதவியேற்பு. 1860இல் லிங்கன் வென்று பதவியேற்பதற்குள் 7 மாநிலங்கள் பிரிந்துபோவதாக அறிவித்துவிட்டன. பதவியில் இருந்த அதிபர் புக்கானனால் எதையும் தடுக்க முடியவில்லை. 1932இல் அதிபர் ஹூவர் தோற்ற பிறகு வங்கிகள் அடுத்தடுத்து மூடிக்கொண்டிருந்தன. சேர்ந்து நடவடிக்கை எடுப்போம் என்று அவர், தன்னை வென்ற ரூஸ்வெல்ட்டைக் கேட்டார். பொறுப்பேற்கும் முன்பு கட்டுப்பட ரூஸ்வெல்ட் விரும்பவில்லை. வங்கியில் பணம் போட்டிருந்த சாதாரண மக்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். 1933இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் பதவியேற்பை ஜனவரி 20க்குக் கொண்டுவந்தது. இந்த அவதிகளை வைத்துப் பார்த்தால் அது எப்போதோ வந்திருக்க வேண்டிய திருத்தம்.

தோற்றவர்களுக்கு மட்டும் இந்த நிலை என்று நினைக்க வேண்டாம். 1951இல் வந்த 22ஆவது திருத்தப்படி ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. அதனால் இரண்டாவது முறை வென்றவருக்கும் நாளாக ஆக, அடுத்து யார் என்ற பேச்சு சொந்தக் கட்சியிலேயே தொடங்கிவிடும்.

மனு கொடுக்கப் போனவர்:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. பள்ளி வாசலில் வேகத்தடை கேட்டுப் பலமுறை மனு கொடுத்தும் நடக்கவில்லை. பதவி முடியப்போகும் உறுப்பினர் ஒருவர்தான் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். “என் வாய்ச்சொல்லை நம்பிப் போகாதீங்க. பணி ஆணை எண் போட்டுக் கையில் வாங்கிக்கோங்க, நிதி ஒதுக்கிய கடிதத்தின் நகலும் வேணும்” என்றார். அவரே இரண்டு அலுவலகங்களுக்கும் கூட வந்தார். புதியவர் வந்தபோது ஆணை கையில் இருந்ததால் யாரும் அதைத் தொடவில்லை. அவருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

முன்னாள் மன்ற உறுப்பினர்:

அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். தோற்கவில்லை, மறுபடி நிற்கப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தேன். அன்று மாலையே வீட்டுக்கு வரும் கூட்டம் மெலிந்தது. கட்சிக் கூட்டங்களில் என் இருக்கை பின்வரிசைக்குப் போனது. வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அடுத்து நிற்கப்போகிறவர்களைச் சுற்றித்தானே ஆட்கள் சேருவார்கள்.

அதே சமயம் ஒரு வேலையை என்னால் செய்ய முடிந்தது. என் பகுதியில் மழைநீர்க் கால்வாயை மறித்துச் சிலர் சுவர் எழுப்பியிருந்தார்கள். செல்வாக்கானவர்கள். எனக்கு முன்பிருந்த யாரும் அதில் கைவைக்கவில்லை, நானும் வாக்கை நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தேன். இனி வாக்குக் கேட்டு அவர்கள் வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்றானதும் அளவீட்டுக்கு மனு கொடுத்தேன், தீர்மானத்தை மன்றத்தில் வைத்தேன். நான் இருக்கும்போதே முடியாது என்று தெரியும். அதனால் அளவீட்டு வரைபடம், அறிவிப்பு கொடுத்த தேதி, அவர்கள் எழுதிய பதில், அடுத்த கட்டமாக யார் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தேன்.

எனக்குப் பின் வந்தவர் எதிர்க்கட்சிக்காரர். அவரிடம் நேரில் கொடுத்தேன். “இதை நான் ஆரம்பித்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள் தம்பி, திட்டு என் மேலேயே விழட்டும்” என்றேன். சிரித்தார், வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே சுவரை இடித்தார்கள்.

வேகத்தடைக்கு மனு கொடுத்த நண்பருக்கு ஒன்று: பதவி முடியப்போகிறவரிடம் புதிய வாக்குறுதி கேட்காதீர்கள். பாதியில் நிற்கும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, அதில் எந்தக் காகிதம் குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும், சொல்வதற்கு நேரமும் இருக்கும்.