தரம் 10 கணிதம், விஞ்ஞானம்: பழைய பாடத்துக்குத் திரும்புவதா, பாடசாலையோடு ஓடுவதா?

கம்பஸ்வாசி:
கொழும்பு வெள்ளவத்தையில் தரம் 10 பிள்ளைகள் நாலு பேருக்கு வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலம் கணிதம், விஞ்ஞானம் வகுப்பு. எல்லாரும் தமிழ் மீடியம், நான் இங்கிலிஷ் மீடியத்தில் படித்தவன். தவணைப் பரீட்சையில் கணிதம் ஒருவருக்கும் 30ஐத் தாண்டவில்லை. எங்கே தொடங்கலாம்? சாதாரண தரப் பரீட்சையின் (ஓ/எல்) பாஸ் பேப்பர், அதாவது கடந்தகால வினாத்தாள், எப்போது கொடுக்கலாம்?

கணக்குப்புலி:
முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். தரம் 7, 8 அளவில் 10 கணக்கு, 20 நிமிடம். விடையைச் சரி, பிழை என்று மட்டும் போடாமல் பிழையின் முகத்தைப் பாருங்கள். 20 − 2(3 − 5) கொடுத்தால் சரியான விடை 24. 4 என்று எழுதிய பிள்ளைக்கு அடைப்பை நீக்கும்போது குறி மாறுவது தெரியாது. −36 என்று எழுதிய பிள்ளை முதலில் 20இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. 2/3 + 1/4 = 3/7 என்று எழுதுவோருக்குப் பகுதியெண் என்றால் என்னவென்றே விளங்கவில்லை. அவர்களுக்குக் கடதாசியை மடித்துக் காட்டத்தான் வேண்டும்.

பிறகு ஒவ்வொரு வகுப்பிலும் முதல் 25 நிமிடம் பழைய ஓட்டையை அடையுங்கள், மிச்ச நேரம் பாடசாலைப் பாடம். முழுக்கப் பின்னால் போனால் அடுத்த தவணைப் பரீட்சையில் இன்னும் சறுக்குவார்கள், பெற்றோரும் பொறுக்க மாட்டார்கள்.

இழையம்:
விஞ்ஞானத்தில் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் கலைச்சொல். பிள்ளைகள் யூடியூப்பில் தமிழ்நாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருவார்கள். அங்கே வேகம் (ஸ்பீட்) என்பது நம் கதி. அங்கே திசைவேகம் (வெலோசிட்டி) என்பது நம் வேகம். முடுக்கம் நமக்கு ஆர்முடுகல், திசு நமக்கு இழையம். ஆகக் கெட்டது ‘நிறை’. அங்கே 60 கிலோகிராம் ஒருவரின் நிறை. இங்கே அது திணிவு. நிறை என்றால் பூமி அவரை இழுக்கும் விசை, 600 நியூட்டன் (ஈர்ப்பு ஆர்முடுகல் 10 என்று எடுத்தால்). ஒரே சொல் இரண்டு கணியத்தைக் குறிப்பதால் பிள்ளை சூத்திரம் சரியாகத் தெரிந்தும் பிழையான எண்ணைப் போடும்.

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, அந்த வாரப் பாடத்துக்குரிய சொற்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

பேப்பர்_மார்க்கிங்:
பாஸ் பேப்பர் பற்றி: முழுப் பேப்பர் இப்போது வேண்டாம், ஆனால் கணிதம் முதலாம் பத்திரத்தின் ஏ பகுதியை மூன்றாம் வாரமே தொடங்கலாம். 25 வினா, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இரண்டு பத்திரமும் சேர்ந்து 200, அதைப் பாதியாக்கித்தான் இறுதிப் புள்ளி. சாதாரண சித்திக்கு 35 வேண்டும், அதாவது 200இல் 70. ஏ பகுதியில் 40 எடுத்தால் மீதி 30ஐ பி பகுதியிலும் இரண்டாம் பத்திரத்திலும் தேடினால் போதும். பின்னம், பரப்பளவு, வட்டி, நிகழ்தகவு என்று பி பகுதி பெரும்பாலும் வழி தெரிந்த இடம்தான்.

கேத்திரகணிதத்தில் காரணம் எழுதாமல் விடுவதுதான் வீண் நட்டம். ‘ஒன்றுவிட்ட கோணங்கள்’, ‘குத்தெதிர்க் கோணங்கள்’ என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எழுதப் பழக்குங்கள். காரணத்துக்கும் புள்ளி உண்டு.

கம்பஸ்வாசி:
நன்றி. மடக்கையில் (லொக்) ‘பார்’, அதாவது எண்ணின் தலையில் போடும் கோடு, வந்ததும் நாலு பேரும் உறைந்துவிடுகிறார்கள். பரீட்சைக்குக் கல்குலேட்டரும் கொண்டுபோக முடியாது.

கணக்குப்புலி:
பாருக்குக் கீழே உள்ள எண் மட்டும் மறை, தசமப் பகுதி எப்போதும் நேர். இதை ஒவ்வொரு முறையும் வாயால் சொல்ல வையுங்கள். 0.0357இன் மடக்கை 2̄.5527. கனமூலம் எடுக்க 3ஆல் வகுக்க வேண்டும், பார் 2 மூன்றால் வகுபடாது. நேராக வகுக்கப் பார்ப்பதால்தான் குழப்பம். பார் 3 ஆக்கி, கடன் வாங்கிய 1ஐத் தசமத்தோடு கூட்டுங்கள்: 3̄ + 1.5527. வகுத்தால் 1̄.5176, முரண்மடக்கை (அன்டிலொக்) பார்த்தால் 0.3293. கடைசியில் 0.33 × 0.33 × 0.33 என்று பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 0.036க்குக் கிட்ட வரும். வராவிட்டால் பார் பிழைத்திருக்கிறது.