சதுரங்கத்தில் ‘கால்குலேஷன்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

கொளத்தூரில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெரும்பாலோர் தமிழ்வழியில் படிப்பவர்கள். அவர்களுக்காக எழுதிய 16 பக்கக் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு சொல் கிடைக்காததால் மூன்று பக்கங்கள் முடியாமல் நிற்கின்றன.

வகுப்பின் கடைசி ஒரு மணி நேரம் நட்பாட்டம். கடிகாரம் வைப்பதில்லை. காயைத் தொடுவதற்கு முன் தன் மனத்தில் ஓடுவதை எதிராளியின் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது விதி. அப்போது பிள்ளைகள் எல்லாவற்றையும் ‘யோசிச்சேன்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார்கள். ‘ராணிப் பக்கத்துச் சிப்பாய்களை மெல்ல முன்னேற்றப் போகிறேன்’ என்பதும் யோசனை. ‘நான் குதிரையால் வெட்டினால் அவன் ராஜாவால் வெட்டுவான், பிறகு நான் ராணியால் செக் சொன்னால் அவனுக்குப் போக இரண்டே கட்டங்கள்’ என்பதும் யோசனை. முன்னதைத் ‘திட்டம்’ என்று எழுதிவிட்டேன். பின்னதற்கு, அதாவது ஒரு நகர்வு, அதற்கு வரக்கூடிய பதில், அந்தப் பதிலுக்கு என் பதில் என்று பலகையைத் தொடாமலே மனத்துக்குள் ஆடிப் பார்ப்பதற்கு, என்ன பெயர் வைப்பது? பயிற்சியாளர்கள் எல்லாரும் ‘கால்குலேஷன்’ என்கிறார்கள். எனக்குப் பெயர்ச்சொல் மட்டும் போதாது. ஆட்டம் முடிந்தபின் ஒரு பிள்ளையிடம், ‘உன் திட்டம் சரி, ஆனால் இந்த இடத்தில் நீ இதைச் செய்யவில்லை’ என்று சுட்டிக்காட்ட வினைச்சொல்லாகவும் அது வழங்க வேண்டும்.

அன்புடன்,
ஞாயிறு வகுப்பு ஆசிரியை, கொளத்தூர்

*

அம்மா, வணக்கம்.

கையிலேயே இருக்கும் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ‘கணக்கு’ என்று எழுதுங்கள். ‘மனக்கணக்கு’ என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். தவறினால் ‘தப்புக்கணக்கு’ என்று சொல்ல ஊரே பழகியிருக்கிறது. ‘கணிப்பு’ என்றும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் வானிலைக் கணிப்பு, கருத்துக்கணிப்பு என்று அந்தச் சொல் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் வேலைக்குப் போய்விட்டது. உங்கள் பிள்ளைகள் எதிராளி என்ன ஆடுவான் என்று ஆரூடம் பார்ப்பதில்லை, அவன் எதை ஆடினாலும் தன்னிடம் பதில் உண்டா என்று பார்க்கிறார்கள். எனவே கணக்கு.

மொழிபெயர்ப்பாளர், அடையாறு

*

பெருமதிப்பிற்குரிய அவையோர்க்கு வணக்கம்.

அடையாற்று நண்பர் சொல்லும் ‘கணக்கு’ நல்ல தமிழ்ச்சொல்லே, அதில் எனக்கு ஐயமில்லை. பதினெண்கீழ்க்கணக்கு என்ற தொகைப் பெயரே அதற்குச் சான்று. ஆயினும் இந்தச் செயலுக்கென்றே நம் முன்னோர் ஒரு சொல்லை வைத்திருக்கும்போது அதைக் கடந்து போவது முறையாகாது. ‘சூழ்தல்’ என்பதே அந்தச் சொல். சூழ்தல் என்றால் வளைத்தல், சுற்றி நிற்றல். அதிலிருந்து, ஒரு செயலை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து ஆராய்தல் என்ற பொருள் பிறந்தது. குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம், அழிவதும் ஆவதும் பின் ‘வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்’ என்றுதான் தொடங்குகிறது. எதை இழப்போம், எதைப் பெறுவோம், பெற்றது பிறகு எதைத் தரும் என்ற மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தும் இந்த வரியைவிடத் தெளிவாகக் காய்ப்பலியை, அதாவது பின்வரும் பலனுக்காக ஒரு காயை வேண்டுமென்றே இழப்பதை, யார் விளக்க முடியும்? அரசனுக்கு எண்ணிச் சொல்லும் அமைச்சரைச் ‘சூழ்வார்’ என்றே குறள் அழைக்கிறது. நம் பலகையிலும் அரசனுக்கு அருகில் மந்திரி நிற்கிறார்.

இன்னொரு வேரையும் காட்ட விரும்புகிறேன். ‘முன்னுதல்’ என்றால் கருதுதல். தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுள் உறுப்புகளுள் ஒன்றாக ‘முன்னம்’ என்பதை எண்ணுகிறது. ‘உன்னுதல்’ என்பதற்கும் கருதுதல் என்பதே பொருள். இடத்தால் முன்னிருப்பதையும் மனத்தால் கருதுவதையும் ஒரே வடிவத்தால் குறித்த மொழி நம்முடையது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எனவே ‘சூழ்ச்சி’, அது கூடாதென்றால் ‘முன்னல்’ அல்லது ‘முன்னெண்ணல்’. ‘யோசனை’ மட்டும் வேண்டாம். அது வடசொல் என்பதோடு, பழைய நூல்களில் தொலைவை அளக்கும் பெயராகவும் வருவது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

*

ஐயா, உங்கள் புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ‘நன்றாகச் சூழ்ச்சி செய்’ என்று அச்சிட்ட கையேட்டைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போனால் தாய் என்ன நினைப்பார்? அந்தச் சொல் சதி என்ற பொருளுக்குப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. திரும்ப அழைத்தாலும் வராது. ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்று தொல்காப்பியரே சொன்ன பிறகு, காலம் செய்த மாற்றத்தை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

மொழிபெயர்ப்பாளர், அடையாறு

*

அனைவருக்கும் வணக்கம். நான் தமிழறிஞன் அல்லன், பல ஆண்டுகளாகப் போட்டிகளில் ஆடி வருபவன். சொல்லைத் தேர்வதற்கு முன் செயலைச் சரியாகப் பார்த்துவிடுவது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட், அலெகின், கெரெஸ் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் முன்னும் அவர்களுக்குக் கீழ்நிலையில் இருந்தோர் முன்னும் ஒரே நிலைகளை வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து பதிவு செய்தார். 1946-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆசிரியையின் ஞாயிறு விதியும் அதுதான். பெரும் ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்னே போய்ப் பார்க்கவில்லை, எந்த நகர்வுகளைப் பார்க்க வேண்டுமோ அவற்றையே முதலில் கண்டுகொண்டார்கள் என்பதுதான் அதில் தெரியவந்த செய்தி. ‘எத்தனை நகர்வு முன்னால் பார்ப்பீர்கள்’ என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. அந்தக் கேள்வியே தவறான இடத்தில் நிற்கிறது. ‘முன்னெண்ணல்’ என்று பெயர் வைத்தால் அதே தவற்றைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவோம். தவிர, ‘முன்’ என்பதை முன்னோர் என்பதுபோலக் கடந்த காலமாகவும் கொள்ள இடமுண்டு.

சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாந்தர் கோட்டொவ் இந்தச் செயலை ஒரு மரமாகப் பார்த்தார். முதலில் ஆராயத் தக்க நகர்வுகளைப் பட்டியலிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு முறை ஏறி இறங்க வேண்டும் என்றார். மனித மனம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை என்று பின்னர் வந்தவர்கள் மறுத்தார்கள், என் அனுபவமும் அதுவே. ஆனால் மரம் என்ற உருவம் நிலைத்துவிட்டது. ஆகவே புதுச்சொல்லில் பல பாதைகள் உண்டு என்ற குறிப்பு இருக்க வேண்டும். அப்படி ஒன்று அமையாவிட்டால் ‘கால்குலேஷன்’ என்றே விடலாம். நாளை இந்தப் பிள்ளை ஒரு போட்டிக்குப் போனால் அங்கே காதில் விழப்போவது அந்தச் சொல்தான்.

ஆட்டக்காரர், வேளச்சேரி

*

அன்புள்ள அனைவருக்கும்,

இன்றைய வகுப்பில் ‘கணக்கு’ என்ற சொல்லைச் சோதித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இருவர் ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையின் மந்திரி (பிஷப்) சி4-இல், குதிரை ஜி5-இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும்). கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ள, வெள்ளை அதை வெட்ட, கறுப்பு குதிரையால் திரும்ப வெட்டியிருந்தான். இங்கே வெள்ளைக் குதிரை எஃப்7-இல் பாய்ந்து வெட்டலாம். அங்கிருந்து அது ராணியையும் யானையையும் ஒருசேரத் தாக்குவதால் ராஜா அதை வெட்டித்தான் ஆக வேண்டும். உடனே வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் சொன்னால், டி5 குதிரையை இழக்காமல் இருக்க ராஜா ஈ6-க்கு ஏறி நடுப்பலகையில் நிற்பது ஒன்றே வழி. வெள்ளை ஆடிய சிறுமி குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘கணக்குப் போடும்மா’ என்றேன். அவள் விரல் விட்டு, ‘குதிரை மூணு, சிப்பாய் ஒண்ணு, ரெண்டு நஷ்டம், வேண்டாம் மிஸ்’ என்றாள். வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த மதிப்புகள்தாம்: சிப்பாய் 1, குதிரை 3, மந்திரி 3, யானை 5, ராணி 9. இரண்டு பிள்ளைகளிடம் வேறு நிலைகளில் கேட்டபோதும் காய்களைத்தான் கூட்டினார்கள். கணக்கு என்ற சொல் சதுரங்கத்தில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அடையாற்று நண்பர் மன்னிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மயிலாப்பூர் ஐயாவின் மடலை மறுபடி படித்தேன். அவர் ‘சூழ்ந்து’ என்ற சொல்லைப் பார்த்த அதே வரியில் ‘வழி’ என்ற சொல்லும் இருக்கிறது. ஆட்டக்காரர் கேட்ட பாதையும் அதுவே. அதே அதிகாரத்தில் ‘எண்ணித் துணிக கருமம்’ என்றும் வருகிறது. துணிந்தபின் எண்ணுவோம் என்பது இழுக்கு என்று அது முடிவதைப் படிக்கும்போது, தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதி எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை. எண்ணுதல் என்றால் தமிழில் நினைப்பதும் உண்டு, ஒன்று இரண்டு என்று தொகையிடுவதும் உண்டு. நாங்கள் செய்வதிலும் இரண்டும் உண்டு. ஆகவே ‘வழியெண்ணல்’ என்று வைத்துக்கொள்ளலாமா? ஒரு நகர்வுத் தொடருக்கு ‘வழி’. அவற்றை மனத்தில் ஆடிப் பார்ப்பது ‘வழியெண்ணல்’. வினையாக, ‘வழி எண்ணு’, ‘இங்கே நீ வழி எண்ணவில்லை’.

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, கொளத்தூர்

*

எனக்கு உடன்பாடு. பேச்சில் ‘எண்ணு’ என்றால் தொகையிடுவது மட்டும்தானே, மறுபடியும் காய்களை எண்ணிவிடுவார்களே என்று முதலில் தயங்கினேன். ஆனால் எண்ண வேண்டியது வழியை என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கணக்கை விட்டுக்கொடுக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர், அடையாறு

*

சொல் பொருந்துகிறது, வகுப்பில் பயன்படட்டும். போட்டி அரங்கில் நான் ‘கால்குலேஷன்’ என்றே சொல்வேன், அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இதற்கு முந்திய படிக்கும் உங்களுக்குச் சொல் வேண்டுமே. ஆராயத் தக்கவை என்று முதலில் பொறுக்கி எடுக்கும் நகர்வைக் ‘கேண்டிடேட் மூவ்’ என்கிறோம். 2024-இல் நம் ஊர் குகேஷ் டொராண்டோவில் வென்ற, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ‘வேட்பு நகர்வு’ என்று யாரோ எழுதிப் பார்த்திருக்கிறேன். சென்னைக்காரன் காதுக்கு அது வேட்புமனுத் தாக்கல் போல ஒலிக்கிறது.

ஆட்டக்காரர், வேளச்சேரி

*

‘கருதுநகர்வு’ என்று எழுதலாம். ஊறுகாய் போல வினைத்தொகை. கருதிய நகர்வு, கருதுகின்ற நகர்வு, கருதும் நகர்வு என்று முக்காலமும் அதில் அடங்கும். இப்போதுதான் கருதியதும், கருதிக் கைவிட்டதும், எதிராளி ஆடியபின் மீண்டும் கருதப்போவதும் ஒரே சொல்லில் நிற்கும்.

ஆனால் ‘வழியெண்ணல்’ பற்றி என் மறுப்பைப் பதிவு செய்ய வேண்டும். வழி என்பது ஏற்கெனவே போடப்பட்டது. ஆட்டக்காரன் மனத்தில் இருப்பது யாரும் நடக்காத காடு. அதைச் சுற்றிச் சுற்றித்தான் பார்க்க வேண்டும், அதாவது சூழ வேண்டும். சூழல், சூழ்நிலை என்ற சொற்கள் இன்றும் மாசுபடாமல் வழங்கும்போது ‘சூழ்தல்’ என்பதை மட்டும் பிள்ளைகள் புரிந்துகொள்ளமாட்டார்கள் என்று நாம் ஏன் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும்? சொற்களின் பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளை விடச் சிறந்தவர் இல்லை என்று முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்

*

ஐயா, வணக்கம்.

இன்று வியாழன் இரவு. ‘வழியெண்ணல்’ என்ற தலைப்பில் மூன்று பக்கங்களையும் முடித்துவிட்டேன். ‘கருதுநகர்வு’ முதல் பக்கத்திலேயே இடம்பெறுகிறது. சொற்பட்டியலில் வழியெண்ணலுக்குப் பக்கத்தில் ‘சூழ்தல்’ என்றும் அச்சிடுகிறேன். அது பழைய சொல் என்ற குறிப்பை அதன்மேல் ஏற்றவில்லை. நட்பாட்டத்தில் எந்தப் பிள்ளையாவது தானாக அதை எடுத்துச் சொன்னால் அன்றே உங்களுக்கு எழுதுவேன்.

ஞாயிறு வகுப்பு ஆசிரியை, கொளத்தூர்

*

நன்றி அம்மா. காத்திருக்கிறேன். ‘நகர்வு’ என்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. காய் தானாக நகர்வதில்லை, நாம்தான் நகர்த்துகிறோம். பிறவினையை விட்டுத் தன்வினையில் பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த பதிப்புக்கு முன் அதை எடுத்துக்கொள்வோம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மயிலாப்பூர்