'மெர்க்யூரியல்' என்பது பாராட்டா, பழிப்பா?

கேள்வி:
ஒரு பியானோ கலைஞரைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அவருடைய சுபாவத்தை 'மெர்க்யூரியல்' என்று கட்டுரையாளர் வருணிக்கிறார். 'அடிக்கடி மாறும் மனநிலையுடைய' என்று அகராதி பொருள் தருகிறது. ஆனால் கட்டுரையில் குறை கூறும் தொனி இல்லை. 'சஞ்சல மனத்தவர்' என்று எழுதலாமா?

மறுமொழி 1:
இச்சொல் ரோமானியரின் மெர்க்குரி என்னும் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. தேவர்களின் தூதனான அத்தெய்வம் வணிகத்துக்கும் நாவன்மைக்கும் மட்டுமன்றித் திருடர்களுக்கும் உரியது. 88 நாளில் சூரியனைச் சுற்றிவிடும் புதன் கோளும், அறை வெப்பநிலையில் நிலைகொள்ளாமல் ஓடும் பாதரசமும் அப்பெயரையே பெற்றன. புதனின் ஆதிக்கத்தில் பிறந்தவர் சுறுசுறுப்பும் சொல்வன்மையும் உடையவர் என்று ஐரோப்பியச் சோதிடம் கருதியதால், முதலில் அப்பொருளே முன்னின்றது. நிலையின்மை பின்னர் சேர்ந்தது. நம் சோதிடரும் புதனுக்கு வாக்கையும் அறிவையும் வணிகத்தையும் தருவது கவனிக்கத்தக்கது. வியாழனிலிருந்து 'ஜோவியல்' (கலகலப்பான), சனியிலிருந்து 'சாட்டர்னைன்' (இறுக்கமான, முகவாட்டமுள்ள) ஆகிய சொற்களும் இவ்வாறே பிறந்தன.

மறுமொழி 2:
'சஞ்சலம்' வேண்டாம், அது கவலையையும் கலக்கத்தையும் குறிக்கும். 'சபல புத்தி' என்றால் ஆசைக்கு இணங்குபவர் என்றாகிவிடும். 'பச்சோந்தி' என்பதோ தன்னலத்துக்காக நிறம் மாறுபவரைச் சுட்டும் வசை.

ஆங்கிலத்திலேயே அண்டைச் சொற்கள் பல உண்டு. 'மூடி' என்பதில் முகவாட்டம் மிகுதி. 'ஃபிக்கிள்' என்பது பற்றிலும் விசுவாசத்திலும் உறுதியற்றவரைக் குறிக்கும். 'வாலட்டைல்' என்பதில் எந்நேரமும் வெடிக்கக்கூடிய ஆபத்து தொனிக்கும், பங்குச் சந்தைக்கும் அது பொருந்தும். 'மெர்க்யூரியல்' என்பதில் மாற்றத்தோடு வேகமும் கூர்மையும் கலந்திருப்பதால், கலைஞர், விளையாட்டு வீரர், அரசியல் தலைவர் போன்றோரைப் பற்றி எழுதும்போது பாதி வியப்பும் பாதி எச்சரிக்கையுமாக அதனைக் கையாளுகிறார்கள். அன்றாடம் எரிந்து விழும் மேலாளருக்கு இது மிகையான மரியாதை. அதே சமயம், பரிந்துரைக் கடிதத்தில் இச்சொல்லைக் கண்டால் வேலை தருபவர் தயங்கவே செய்வார்.

உங்கள் கட்டுரைக்கு 'கணத்துக்குக் கணம் மனநிலை மாறும் துடிப்பான சுபாவம்' என்பது நெருங்கி வரும். ஒரே சொல்லில் அடக்கியாக வேண்டும் என்ற பிடிவாதம் இங்கே உதவாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பாதரச நச்சால் தொப்பித் தொழிலாளர்களின் மனநிலை பாதிக்கப்பட்டதாகப் படித்திருக்கிறேன். இப்பொருள் அதிலிருந்து வந்திருக்குமோ?

மறுமொழி 3:
இல்லை. விலங்கு உரோமத்தால் தொப்பி செய்வோர் பாதரச ஆவியைச் சுவாசித்துக் கூச்சமும் எரிச்சலும் நடுக்கமும் உற்றது உண்மையே; ஆனால் சுபாவத்தைக் குறிக்கும் பொருள் சோதிட வழியில் வந்தது. பழைய மருத்துவ நூல்களைத் தமிழாக்கம் செய்யும்போது மட்டும் விழிப்பாக இருங்கள். அங்கே 'மெர்க்யூரியல்' என்றால் பாதரசம் கலந்த மருந்து. 1950களின் இறுதியில் தயசைடு வகை மருந்துகள் வரும்வரை, உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்ற இந்தப் பாதரச மருந்துகளையே மருத்துவர்கள் பரவலாகக் கொடுத்துவந்தனர்.