புதுப்பிப்பு: இறால், நண்டு, கணவாய் கைட்டின்

இறால் ஓடு, வயல் நண்டு, ஊசிக்கணவாய் மூன்றிலும் கைட்டின் (ஓட்டுக்கு உறுதி தரும், சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி மூலக்கூறு) பிரிக்கப் போவதாக முன்பு எழுதியிருந்தேன். மூன்றிலும் கிடைக்கும் கைட்டின் ஒன்றுதானே என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

நண்டு குடியாத்தம் பக்கத்து வயலில் பிடித்தது; மற்றவை வேலூர் மீன் மார்க்கெட்டில் கழித்துப் போட்டவை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதுமே நண்டு ஓடு நுரைத்துப் பொங்கியது, சுண்ணாம்பு கரைவதால். கணவாயின் உடலுக்குள் இருக்கும் கண்ணாடி போன்ற தகட்டில் தாது மிகக் குறைவு, குமிழியே வரவில்லை. புரதம் சோடியம் ஹைட்ராக்சைடில் போனது. இறாலின் இளஞ்சிவப்போ அசிட்டோனில் கழுவிய பிறகுதான் விட்டது.

அகச்சிவப்பு நிறமாலையைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்! இறாலிலும் நண்டிலும் அமைடு பட்டை (கைட்டினின் அமைடு பிணைப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் இடம்) 1660, 1620 செ.மீ.⁻¹ அருகே இரண்டாகப் பிளந்திருந்தது. அது ஆல்ஃபா வகைக் கைட்டின், மூலக்கூறுச் சங்கிலிகள் எதிரெதிர்த் திசையில் அடுக்கியவை. கணவாயில் பிளவில்லை, அது பீட்டா வகை; சங்கிலிகள் எல்லாம் ஒரே திசை. அடுத்து காளான்; அதில் கைட்டின் குளுக்கன் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலியோடு பிணைந்திருப்பதால் பிரிப்பது கடினம்.